இரட்டை ஒற்றர் யார் பக்கம்? ஸ்னேப்பை வைத்து ஒரு கணிப்பு எழுதும் முறை

ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாம் புத்தகம் 2005 ஜூலை 16 அன்று வெளிவந்தது. அதன் 27ஆம் அத்தியாயத்தில், தன்னை முழுவதுமாக நம்பிய தலைமையாசிரியர் டம்பிள்டோரைக் கோபுர உச்சியில் வைத்து ஆசிரியர் செவெரஸ் ஸ்னேப் கொல்கிறார். டம்பிள்டோர், அவருடைய பகைவன் வோல்டமார்ட் இருவருமே ஸ்னேப்பைத் தங்கள் ஒற்றர் என்று நம்பியிருந்தார்கள். ஏழாம் புத்தகம் வந்தது 2007 ஜூலை 21இல். நடுவில் கிடந்த இரண்டு வருடமும் வாசகர்களிடம் ஒரே கேள்விதான்: இந்த ஆள் யார் பக்கம்? அமெரிக்காவின் பார்டர்ஸ் புத்தகக் கடைகள் ‘ஸ்னேப்பை நம்பு’ என்று ஒன்றும் ‘ஸ்னேப் மகா கெட்டவன்’ என்று ஒன்றுமாக இரண்டு ஸ்டிக்கர்களை அச்சடித்துக் கொடுத்தன.

இரட்டை ஒற்றரைப் பற்றிக் கணிப்பு எழுதப் பழக இதைவிட நல்ல வழக்கு கிடையாது. சான்றுகள் ஆறு புத்தகங்களில் இருக்கின்றன, விடை ஏழாவதில் இருக்கிறது, நம் முறை சரியா என்று சோதித்துக்கொள்ளலாம். முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே பேசப்போகிறோம். ஏழாவதைப் படிக்காதவர்கள் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

எல்லைக்கோடும் நோட்டும்

எந்தப் பக்கம் வரை வந்த தகவலை வைத்து முடிவு சொல்கிறீர்கள் என்பதை முதலில் நிர்ணயியுங்கள். இந்தப் பயிற்சிக்கு ஆறாம் புத்தகத்தின் கடைசிப் பக்கம்தான் கோடு. திரைப்படங்களைச் சான்றாக எடுக்க வேண்டாம். ஸ்னேப்பாக நடித்த ஆலன் ரிக்மனுக்கு அந்தப் பாத்திரத்தின் ரகசியம் ஒன்றை நூலாசிரியர் ரௌலிங் முன்கூட்டியே சொல்லியிருந்தார். விடையின் ஒரு நுனியைப் பிடித்திருந்தவரின் முகபாவத்தை வைத்து விடையைக் கணித்தால் அது கணிப்பாகாது.

ஆறு புத்தகங்களையும் திரும்பப் படிக்க நேரமில்லை என்றால் இருபது அத்தியாயங்கள் போதும். முதல் புத்தகத்தில் 8, 11, 17. நான்காவதில் 30, 33, 36. ஐந்தாவதில் 2, 24, 28, 32, 37. ஆறாவதில் 2, 16, 19, 23, பிறகு 25 முதல் 29 வரை.

நோட்டில் ஆறு பத்திகள் வரும்படி கோடு கிழியுங்கள்: புத்தகமும் அத்தியாயமும், ஸ்னேப் செய்தது அல்லது சொன்னது, அதை நேரில் பார்த்தவர், நமக்குச் சொல்பவர், அதனால் யாருக்கு நஷ்டம், மதிப்பெண். மூன்றாவதையும் நான்காவதையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். தவறான கணிப்புகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

கேள்வியை உடையுங்கள்

‘நல்லவரா, கெட்டவரா’ என்று ஆரம்பித்தால் வழக்கு அங்கேயே கெட்டது. ஸ்னேப் மாணவர்களை அவமானப்படுத்துகிறார், நெவிலை நடுங்கவைக்கிறார், ஹாரியை வெறுக்கிறார். இவையெல்லாம் குணம். விசுவாசம் வேறு. குணத்தை வைத்து விசுவாசத்தைக் கணித்தவர்கள் முதல் புத்தகத்திலேயே ஏமாந்தார்கள்: துடைப்பத்தில் பறந்து ஆடும் குவிடிச் ஆட்டத்தில் ஹாரியின் துடைப்பத்துக்கு மந்திரம் போட்டது இன்னோர் ஆசிரியர் குய்ரெல், உதட்டை அசைத்துக்கொண்டிருந்த ஸ்னேப் அதற்கு மாற்று மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று தனிக் கேள்விகளாக எழுதுங்கள். யாருக்கு வேலை செய்கிறார்? ஏன் செய்கிறார்? தன் தலைவரின் திட்டத்தில் அவருக்கு எவ்வளவு தெரியும்? மூன்றாவதை அநேகமாக எல்லோருமே விட்டுவிட்டார்கள். விசுவாசமான ஒற்றருக்கும் பாதித் திட்டம்தான் சொல்லப்படும். பிடிபட்டால் முழுவதும் போய்விடும் அல்லவா? அதனால் ‘அவருக்கு இது தெரியவில்லை’ என்பது துரோகத்துக்குச் சான்று ஆகாது.

பிறகு குறைந்தது மூன்று அனுமானங்களை எழுதுங்கள். ஒன்று, டம்பிள்டோரின் ஆள். இரண்டு, வோல்டமார்ட்டின் ஆள். மூன்று, ஜெயிக்கிற பக்கம் சாய்கிற தன்னல ஆள். இரண்டோடு நின்றுவிட்டால் ஒன்றை மறுக்கும் சான்றெல்லாம் மற்றதற்கு ஆதரவு போலத் தோன்றும். மூன்றாவது வந்தவுடன் அந்த மயக்கம் தெளியும்.

மதிப்பெண் போடுவது எப்படி

இரட்டை ஒற்றர் விஷயத்தில் நல்ல காரியங்களை ஒரு பக்கமும் கெட்ட காரியங்களை மறுபக்கமும் எண்ணிப் பயனில்லை. அவர் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் இரண்டு வகையையும் செய்தே ஆக வேண்டும். வேஷம் நிற்பதே அதனால்தான். ஆகவே ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டியது ஒன்று மட்டும்: எதிர் அனுமானம் உண்மையாக இருந்தால், இதை அவர் செய்திருக்கத் தேவை இருந்ததா?

எல்லா அனுமானத்துக்கும் சமமாகப் பொருந்தினால் 0. ஒன்றுக்குச் சற்று இயல்பாகப் பொருந்தினால் 1. எதிர் அனுமானம் பிழைக்க, புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருந்தால் 2. ஓர் அனுமானத்துக்காக மூன்றாவது முறை கற்பனையாக ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால் அதைக் கைவிட்டுவிடுங்கள்.

ஆறாம் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் வோல்டமார்ட்டின் தீவிர விசுவாசி பெலட்ரிக்ஸ் அடுக்கடுக்காகக் கேட்கிறாள்: வோல்டமார்ட் வீழ்ந்தபோது எங்கே இருந்தாய், ஏன் தேடவில்லை, ஹாரியை ஏன் இன்னும் கொல்லவில்லை? ஸ்னேப் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருக்கிறார். 2005இல் பலர் இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு ‘முடிந்தது வழக்கு, அவர் வோல்டமார்ட்டின் ஆள்தான்’ என்றார்கள். நம் முறைப்படி இந்தப் பதில்கள் அத்தனைக்கும் 0. டம்பிள்டோரின் ஒற்றராக இருந்தாலும் பெலட்ரிக்ஸிடம் அவர் இதே பதில்களைத்தான் சொல்லியிருப்பார். இந்த வரிசையில் ஹாரியின் கண் வழியாக வராத மிகச் சில அத்தியாயங்களில் இது ஒன்று. ஸ்னேப்பின் மனத்துக்குள் நுழைய ஆசிரியருக்கு முழு வசதி இருந்தது, நுழையவில்லை. கதைசொல்லி வெளியிலேயே நிற்கிறார் என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

அதே அத்தியாயத்தில் ஸ்னேப், பெலட்ரிக்ஸின் தங்கை நார்சிஸாவுக்கு, மீறினால் சாவு என்ற மீற முடியாத சத்தியம் செய்கிறார். மூன்று நிபந்தனைகள். மூன்றாவது, வோல்டமார்ட் இட்ட வேலையில் அவள் மகன் டிராகோ தவறினால் அந்தக் காரியத்தை நீ முடிப்பாயா என்பது. அதைக் கேட்டதும் ஸ்னேப்பின் கை ஒரு கணம் துடிக்கிறது, ஆனால் இழுத்துக்கொள்ளவில்லை. இதற்கு 1 போடலாம், அதற்கு மேல் கூடாது. உயிரைப் பணயம் வைக்கும் எவருக்கும் கை துடிக்கும்.

ஐந்தாம் புத்தகத்தில் இரண்டு சம்பவங்கள். மந்திர அமைச்சகம் பள்ளிக்கு அனுப்பிய அம்ப்ரிட்ஜுக்கு, குடித்தவரை உண்மை பேசவைக்கும் மருந்து என்று போலி ஒன்றைக் கொடுத்தார் என்பது ஒன்று. ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் பிடிபட்டதாக ஹாரி ஜாடையாகச் சொன்னதைப் புரிந்துகொண்டு, வோல்டமார்ட்டை எதிர்க்கும் பீனிக்ஸ் குழுவை எச்சரித்தார் என்பது இன்னொன்று. இரண்டையும் 37ஆம் அத்தியாயத்தில் டம்பிள்டோர் ஒரே மூச்சில் சொல்வதால் சமமாகத் தோன்றும். சமமல்ல. மருந்து போலி என்பதற்கு ஸ்னேப்பின் வாயைத் தவிர வேறு ஆதாரம் தெரியவில்லை, அதற்கு 0. எச்சரிக்கை போனதோ உண்மை: தலைமையகத்தில் இருந்த பலர் அதைப் பெற்றுக் கிளம்பி மந்திர அமைச்சகத்தில் வந்து நிற்கிறார்கள். அதன் விளைவாக வோல்டமார்ட்டின் ஆட்கள் சிறைக்குப் போனார்கள், அவன் தேடிய தீர்க்கதரிசனம் கிடைக்காமல் போனது, அவன் திரும்பி வந்ததை அமைச்சரே கண்ணால் பார்த்தார். தன் தலைவனுக்கு இவ்வளவு நஷ்டம் வரும் செய்தியை அனுப்பினார் என்றால், ‘வேஷத்தைக் காப்பாற்ற எதை வேண்டுமானாலும் இழக்கலாம் என்று வோல்டமார்ட்டே உத்தரவு கொடுத்திருந்தான்’ என்று எதிர்த்தரப்பு கற்பிக்க வேண்டும். 2 போடுங்கள்.

சாட்சிகளைப் பிரித்துப் பார்த்தல்

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தில் இந்த வேலைக்கென்றே சொன்னதுபோல ஒரு விதி இருக்கிறது: ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்களை ஆள வேண்டும், மூவர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பலாம். ‘ஒருவரை ஒருவர் அறியாத’ என்பதுதான் அங்கே உயிர்நாடி.

ஸ்னேப்பை நம்புபவர்களைப் பட்டியலிடுங்கள்: டம்பிள்டோர், லூபின், மெக்கோனகல், பீனிக்ஸ் குழுவில் அநேகமாக எல்லோரும். நீளமான பட்டியல்தான். ஆனால் ஆறாம் புத்தகத்தின் 16ஆம் அத்தியாயத்தில் லூபின் என்ன சொல்கிறார்? டம்பிள்டோரின் கணிப்பை நான் நம்புகிறேன், ஆகையால் செவெரஸை நம்புகிறேன் என்கிறார். 29ஆம் அத்தியாயத்தில், கொலைக்குப் பிறகு கூடியவர்கள் எல்லோரும் அதையேதான் வெவ்வேறு சொற்களில் சொல்லி உடைந்து போகிறார்கள். ஆக, அது ஒரே ஒரு சாட்சி. நோட்டில் ஒரு வரியாகவே எழுதுங்கள்.

அந்த ஒரு சாட்சியைத்தான் நன்றாகக் குடைய வேண்டும். டம்பிள்டோர் தரும் காரணம் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. முதல் புத்தகத்தில், ஹாரியின் அப்பா ஜேம்ஸ் ஸ்னேப்பின் உயிரைக் காப்பாற்றிய கடன் என்கிறார். நான்காவதில், விசாரணை மன்றத்தில் அவருக்காகச் சாட்சி சொன்னது தெரிகிறது, காரணம் கிடையாது. ஆறாவதின் 25ஆம் அத்தியாயத்தில், தீர்க்கதரிசனத்தை ஒட்டுக்கேட்டு வோல்டமார்ட்டிடம் சொன்னதற்காக ஸ்னேப் வருந்தினார் என்கிறார். எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று ஹாரி கேட்கும்போது, எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் போல ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, முழுதாக நம்புகிறேன் என்று மட்டும் சொல்கிறார். பிணை நிற்பவரின் காரணம் மாறிக்கொண்டே இருந்து, நம்பிக்கை மட்டும் மாறாமல் இருந்தால், சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது என்று எழுதுங்கள். அது என்ன என்பதைத் தனித்தாளில் தேடுங்கள்.

அந்தத் தேடலுக்கான துண்டுகள் ஐந்தாம் புத்தகத்திலேயே கிடந்தன. இரண்டாம் அத்தியாயத்தில், மந்திர உலகச் சிறையைக் காக்கும் டிமென்டர் என்றால் என்னவென்று ஹாரியின் பெரியம்மா பெட்டூனியாவுக்குத் தெரிந்திருக்கிறது. ‘அந்த மோசமான பையன்’ தன் தங்கையிடம் சொன்னதைக் கேட்டதாகச் சொல்கிறாள். ஜேம்ஸ் என்று ஹாரி எடுத்துக்கொள்கிறான். பெட்டூனியா பெயர் சொல்லவே இல்லை. 28ஆம் அத்தியாயத்தில் ஸ்னேப்பின் மிக மோசமான நினைவில் அவருக்காக நடுவில் வந்து நிற்பவள் ஹாரியின் அம்மா லில்லி. ஸ்னேப்பின் மூலகாரணம் லில்லி மீதான காதல் என்று இந்தத் தடயங்களிலிருந்து பிடித்தவர்கள் ஏழாம் புத்தகத்துக்கு முன்பே இருந்தார்கள். ஆங்கில வாசகர் வட்டத்தில் அந்தக் கோட்பாட்டுக்கு ‘லாலிபாப்ஸ்’ என்று செல்லப்பெயர்கூட உண்டு.

கோபுரம்: இங்கே நேரம் செலவழியுங்கள்

கொலைக்கு மட்டும் தனியாக மதிப்பெண் போட முடியாது. இருவரும் முன்பே பேசி வைத்த கொலையா, துரோகமா என்பதே கேள்வியாக இருக்கும்போது அதையே சான்றாக்குவது வட்டத்தில் சுற்றுவது. சுற்றியிருப்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஆறாம் புத்தகத்தின் 19ஆம் அத்தியாயத்தில் பள்ளியின் வனக்காவலர் ஹாக்ரிட் உளறிவிடுகிறார்: ஸ்னேப்பும் டம்பிள்டோரும் வாக்குவாதம் செய்தார்கள், டம்பிள்டோர் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறார், இனிமேல் அதைச் செய்ய விருப்பமில்லை என்று ஸ்னேப் சொன்னார். ஒட்டுக்கேட்ட பேச்சு, ஹாக்ரிட்டுக்கு இதில் லாபமில்லை, இருவருக்கும் அவர் கேட்டது தெரியாது. சாட்சியத்தில் இதுவே மேல்தரம். 23இல் டம்பிள்டோர், சபிக்கப்பட்ட மோதிரத்தால் கருகிய தன் கையைக் குறிப்பிட்டு, ஸ்னேப் சமயத்தில் உதவியிராவிட்டால் உயிர் பிழைத்திருக்க மாட்டேன் என்கிறார். சாகவேண்டும் என்று நினைத்திருந்தால் அன்றே விட்டிருக்கலாம். தன்னல அனுமானமும் வோல்டமார்ட் அனுமானமும் இந்த இடத்தில் தடுமாறுகின்றன.

அடுத்து 26, 27 இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து வையுங்கள். குகையில் டம்பிள்டோரின் கட்டளைப்படி ஹாரி அவருக்கு விஷநீரைப் புகட்டுகிறான், செய்கிற காரியத்தை வெறுத்து, அருவருத்து, தன்னையே நொந்துகொண்டு. சில பக்கங்கள் கழித்து, ஸ்னேப் டம்பிள்டோரைப் பார்க்கும்போது முகத்தில் அருவருப்பும் வெறுப்பும் எழுதியிருந்தன என்று அதே வகைச் சொற்கள் வருகின்றன. இரண்டு சம்பவத்திலும் டம்பிள்டோர் கெஞ்சுகிறார். ஹாரி யாரை வெறுத்தான் என்று நமக்குத் தெரியும். ஸ்னேப்பின் வெறுப்பு யார் மேல் என்று புத்தகம் சொல்லவில்லை. சாவைக் கண்டு பயப்படாதவர் என்று முதல் புத்தகத்திலிருந்து காட்டப்பட்ட டம்பிள்டோர் உயிர்ப்பிச்சை கேட்பாரா என்பதையும் இதோடு வையுங்கள். என் கணக்கில் ஆறு புத்தகங்களிலும் இதுவே மிக வலுவான தடயம்.

28இல் தப்பி ஓடும்போது ஸ்னேப் ஹாரியின் ஒவ்வொரு மந்திரத்தையும் தடுக்கிறார், படுகாயம் வரும்படி திருப்பித் தாக்கவில்லை. வாயை மூடவும் மனத்தைப் பூட்டவும் கற்றுக்கொள்ளும்வரை இப்படித்தான் தடுக்கப்படுவாய் என்கிறார். வேறொருவன் ஹாரி மேல் சித்திரவதை மந்திரத்தை ஏவும்போது கத்தி நிறுத்துகிறார். ‘பாட்டர் நம் தலைவருக்கு உரியவன்’ என்ற அவர் விளக்கம் கொலையைத் தடுத்ததற்குப் பொருந்தும். வலியைத் தடுத்ததற்கும், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவனைத் தூக்கிக்கொண்டு போகாததற்கும் பொருந்தவில்லை. தாராளமாக 2.

எங்கே சறுக்கும்

மந்திரத்தின் இயக்கவியலை வைத்து எழுதிய கணிப்புகள் பெரும்பாலும் வீணாயின. கொலை மந்திரம் பட்டவர்கள் நின்ற இடத்திலேயே விழுவார்கள், டம்பிள்டோரோ காற்றில் தூக்கியெறியப்பட்டார், எனவே அது போலி, அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு பெரிய கூட்டமே நம்பியது. அந்தக் கணிப்பை உடைக்கும் இரண்டு செய்திகள் அடுத்த இரண்டு அத்தியாயங்களிலேயே இருந்தன: அவர் ஹாரி மேல் போட்ட கட்டு அவர் சாவோடு அவிழ்ந்தது, தலைமையாசிரியர் அறையில் அவருடைய உருவப்படம் தோன்றியது. அடுத்த வருடம், 2006 ஆகஸ்டில், நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கில் சல்மான் ருஷ்டி தன் மகனோடு எழுந்து, ஸ்னேப் நல்லவர், டம்பிள்டோர் சாகவில்லை என்ற பொருளில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். டம்பிள்டோர் நிச்சயமாக இறந்துவிட்டார் என்று ரௌலிங் அங்கேயே வெட்டிச் சொல்லிவிட்டார். ஒரு விநோதத்தைப் பிடித்துக்கொண்டு கணிப்பு எழுதுமுன், அதற்கு அடுத்த ஐம்பது பக்கங்களில் அதை மறுக்கும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

விடை தெரிந்தபிறகு கண்டுபிடிக்கும் தடயங்கள் இன்னொரு பள்ளம். முதல் பாடத்தில் ஸ்னேப் ஹாரியிடம் கேட்கும் அஸ்ஃபொடெல் வேர், கசப்பான வார்ம்வுட் செடி பற்றிய கேள்விக்குள் லில்லிக்கான இரங்கல் ஒளிந்திருக்கிறது என்ற மலர்மொழி விளக்கம் மிகப் பிரபலம். அழகானது, ஆனால் எல்லைக்கோட்டுக்கு முன் அதை வைத்து யாரும் எதையும் கணித்திருக்க முடியாது, 0. அதே அத்தியாயத்தில் ‘சாவுக்கே மூடி போடலாம்’ என்று ஸ்னேப் சொல்வது வேறு வகை. டம்பிள்டோரின் கருகிய கையில் ஸ்னேப் சாவை அடைத்து வைத்திருக்கிறார், அவருக்கு நாள் எண்ணப்பட்டுவிட்டது என்று சிலர் அதிலிருந்து ஊகித்தார்கள். ஏழாவதின் 33ஆம் அத்தியாயம் அப்படியே சொன்னது: சாபத்தைக் கைக்குள் கட்டியிருக்கிறேன், ஒரு வருடம் கிடைக்கலாம். அந்தச் சொல்லோடு கருகிய கை என்ற இரண்டாவது, தனிப்பட்ட தடயமும் இருந்ததால்தான் அந்த ஊகம் நின்றது.

பொய் சொல்ல முடியாத இடத்தைத் தேடுங்கள்

மிகுபுனைவுக் கதைகளில் மட்டும் கிடைக்கும் வசதி இது. அந்த உலகத்தில் எதை நடிக்க முடியாது என்று பட்டியலிடுங்கள். ஸ்னேப் மனத்தை மூடுவதில் வல்லவர், எனவே வோல்டமார்ட்டையும் ஏமாற்றலாம், டம்பிள்டோரையும் ஏமாற்றலாம். அந்தத் திறமைக்கு மதிப்பெண் இல்லை. நினைவுகளைத் திருத்தலாம், ஆசிரியர் ஸ்லக்ஹார்ன் செய்தார். டிமென்டரை விரட்ட வரவழைக்கும் ஒளி உருவமான பாட்ரோனஸ் அப்படியல்ல. மனத்தின் ஆழத்திலிருந்து வருவது. காதலால் அதன் உருவம் மாறும் என்று ஆறாம் புத்தகத்தில் பீனிக்ஸ் குழுவின் டோங்க்ஸ் மூலம் விதி போடப்படுகிறது. அவளுடைய புதிய உருவத்தைப் பார்த்துக் கேலி செய்பவரே ஸ்னேப்தான். அவருடைய பாட்ரோனஸ் என்ன என்று கேட்டபோது, சொன்னால் அதிகம் வெளிப்பட்டுவிடும் என்று ரௌலிங் மறுத்திருந்தார். மறுப்பு விடையைத் தராது, எங்கே தோண்டவேண்டும் என்பதைக் காட்டும். விடை பெண்மான், லில்லியுடையது.

எழுதிப் பூட்டுதல்

கணிப்பை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பொய்யாகக்கூடிய வாக்கியங்களாக ஐந்து இருக்கட்டும். ‘ஸ்னேப்புக்குள் நல்லது இருக்கிறது’ என்பதை யாராலும் மறுக்க முடியாது, பயனில்லை. ‘டம்பிள்டோர் முன்பே கேட்டுக்கொண்டதால்தான் கொன்றார், அந்த உரையாடல் அடுத்த புத்தகத்தில் காட்டப்படும்’ என்பது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பத்துக்கு எத்தனை நம்பிக்கை என்று போட்டு, தேதியிட்டு, மூடுங்கள். பிறகு ஏழாம் புத்தகத்தின் 33ஆம் அத்தியாயத்தைப் படித்துத் திருத்துங்கள். யாருக்கு, ஏன் என்ற இரண்டையும் நன்றாகக் கணித்தவர்கள்கூட மூன்றாவது கேள்வியில் தவறியிருப்பார்கள்: ஹாரியும் சாக வேண்டும் என்பதை டம்பிள்டோர் வருடக்கணக்கில் ஸ்னேப்பிடமிருந்து மறைத்திருந்தார், தெரிந்ததும் ஸ்னேப் அதிர்ந்து போகிறார்.

கை பழகியபின் விடை வராத ஒரு வழக்கில் இறங்குங்கள். ஜார்ஜ் மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையில் அரசவை ஒற்றர் தலைவர் வேரிஸ் பொருத்தமானவர். எல்லைக்கோடு 2011இல் வந்த ஐந்தாம் புத்தகத்தின் பின்னுரை. தொலைக்காட்சித் தொடரைச் சேர்க்காதீர்கள். வேரிஸ் ஆதரிப்பதாகச் சொல்லும், குழந்தையிலேயே கொல்லப்பட்டதாக நம்பப்பட்ட இளவரசன் ஏகன் என்று சொல்லப்படும் இளைஞன் அதில் கிடையவே கிடையாது. முதல் வரியாக, முதல் புத்தகத்தில் ஆர்யாவின் மூன்றாம் அத்தியாயத்தை எழுதுங்கள்: நிலவறையில் இருவர் பேசுவதை அவள் ஒளிந்திருந்து கேட்கிறாள், பெயர்கள் வரவில்லை, உருவத்தையும் பேச்சையும் வைத்து அடையாளம் காண வேண்டும். கடைசி வரி பின்னுரை, சாகப்போகும் கெவன் லானிஸ்டரிடம் வேரிஸ் தன் நோக்கத்தைச் சொல்லும் இடம். செத்துக்கொண்டிருப்பவனிடம் பொய் சொல்லி லாபமில்லை என்பதால் யாருக்கு வேலை செய்கிறார் என்பதற்கு 2 தரலாம். அந்த இளைஞன் உண்மையிலேயே ஏகன்தானா என்பதற்கு அந்தப் பேச்சிலிருந்து ஒன்றும் கிடைக்காது. அதைத் தனி வரியில் எழுதி 0 போட்டு, நடுவில் உள்ள புத்தகங்களுக்குப் போங்கள்.